இல்லாத எழுத்து

1986 செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, முதல் பிரிவேளை. தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். பாடத்தை எங்கே விட்டேன் என்று நினைவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி நோட்டைத் திருப்பிப் பார்த்துச் சொன்னாள்: "லாக்ராஞ்சியன் எழுதி நிறுத்தினீங்க மேடம். சூரியனைச் சுத்துற கோளுக்கு."

எழுதினேன். கோள் எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு எண் போதும்: சூரியனிலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கோணத்தில். தூரத்துக்கு ஆர், கோணத்துக்கு ஃபை. இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்தால் லாக்ராஞ்சியன். இயக்க ஆற்றலில் தூரம் வருகிறது, தூரம் மாறும் வேகம் வருகிறது, கோணம் மாறும் வேகமும் வருகிறது. நிலை ஆற்றலில் தூரம் மட்டும். ஃபை மட்டும் எங்கும் இல்லை. கோள் சூரியனுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று அந்தச் சமன்பாடு கேட்கவே இல்லை. அப்படி ஓர் எழுத்து வராமல் போனால், லாக்ராஞ்சி தந்த விதிப்படி, அந்த எழுத்துக்கு இணையான உந்தம் காலத்தோடு மாறாது. இங்கே அது நிறையையும் தூரத்தின் வர்க்கத்தையும் கோண வேகத்தையும் பெருக்கி வருவது, அதாவது கோண உந்தம். கோளையும் சூரியனையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பைக் கடக்கும் என்று கெப்ளர் 1609இல் அச்சிட்ட விதி இதுதான்.

நான்கு வரிக் கணக்கு. அன்று அதே பெண் எழுந்து கேட்டாள்: "இல்லாத ஒண்ணு எப்படி மேடம் இன்னொண்ணைக் காப்பாத்தும்?"

புத்தகத்தில் அதற்கு 'இக்னோரபிள்' என்று பேர், கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்று அர்த்தம் என்று ஏதோ சொன்னேன். மணி அடித்துவிட்டது. கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. அங்கே அம்மா வேறொரு கேள்வியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

தம்பிக்கு விருச்சிக ராசி. அந்த ஆண்டு சனி விருச்சிகத்தில் இருந்தது. ஏழரையின் நடுப்பகுதி, ஜன்மச் சனி. அம்மா சனிக்கிழமை தவறாமல் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குப் போனாள். கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து நல்லெண்ணெயில் விளக்கேற்றி, நவக்கிரகத்தை ஒன்பது சுற்று வந்தாள். அவனைத் திருநள்ளாறுக்கு அழைத்துப் போய் நளதீர்த்தத்தில் முழுக வைத்தாள். ஆகஸ்டில் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். வயது இருபது. "எல்லாம் செஞ்சேனே பாப்பா. ஏன் நம்ம பிள்ளை?"

என் கையில் இருந்தது கோளின் கணக்கு மட்டும். சனி சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டு. பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டரை. மூன்று ராசிக்கு ஏழரை. அம்மா பயந்த எண்ணும் நான் நடத்திய எண்ணும் ஒரே பாதையிலிருந்து வந்தவை. சூரியனை நெருங்கும்போது சனி நொடிக்கு 10.2 கிலோமீட்டர் ஓடுகிறது, விலகும்போது 9.1 ஆகத் தளர்கிறது. கோண உந்தம் மாறாதிருக்க அந்த ஏற்றமும் தளர்ச்சியும் வேண்டும். அதில் விருச்சிகத்தின் பக்கம் என்று தனிக் கருணையும் இல்லை, பகையும் இல்லை. இதை நான் அம்மாவிடம் அன்று சொல்லவில்லை.

ஒரு விதியைக் கண்டால் அதன் பின்னால் ஒரு மனத்தைத் தேடுவது அம்மாவின் வழக்கம் மட்டும் என்று அப்போது நினைத்திருந்தேன். நான் நடத்திய பாடமே அப்படிப் பிறந்ததுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

மோபெர்த்துயி பிரெஞ்சுக்காரர். 1736இல் லாப்லாந்துக்குப் போய், உறைந்த ஆற்றின்மேல் கோல்களை நீட்டி, தீர்க்கரேகையில் ஒரு பாகை எவ்வளவு நீளம் என்று அளந்து வந்தவர். தன் சுழற்சியால் பூமி துருவங்களில் தட்டையாக இருக்கும் என்று நியூட்டன் கணித்தது அந்த அளவையால் உறுதிப்பட்டது. குளிரில் நின்று அளந்த மனிதர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு. 1744இல் ஒளியை வைத்தும், 1746இல் பெர்லின் அறிவியல் கழகத்தின் தலைவராக எல்லா இயக்கத்தையும் வைத்தும் ஒரு தத்துவம் சொன்னார்: இயற்கையில் எந்த மாற்றம் நடந்தாலும் அதற்குச் செலவாகும் 'செயல்' முடிந்த மட்டும் குறைவாகவே இருக்கும். நிறை, வேகம், கடந்த தூரம் மூன்றையும் பெருக்கி வரும் அளவுக்கு அந்தப் பெயர். தமிழில் இதை 'வினை' என்றும் எழுதலாம். நான் கரும்பலகையில் அப்படி எழுதியதில்லை. அந்தச் சொல் நம்மிடம் சுமக்கும் பாரம் வேறு.

மோபெர்த்துயி அதோடு நிற்கவில்லை. பூச்சியின் உறுப்பையும் பூவின் அமைப்பையும் காட்டிக் கடவுளை நிறுவ முயன்றவர்களின் வாதம் வலுவற்றது என்று ஒதுக்கினார். உலகம் முழுவதும் ஒரே சிக்கனம் ஓடுகிறது, சிக்கனம் ஞானத்தின் அடையாளம், ஆகவே வகுத்தவன் ஒருவன் உண்டு: இயக்க விதியே அதற்குச் சான்று என்றார். பின்னர் எழுந்த சண்டையும், வால்டேர் எழுதிய கேலியும், 1752 இறுதியில் பெர்லினில் அரசர் ஆணையால் அந்தக் கேலிநூல் எரிக்கப்பட்டதும் பலர் எழுதிய கதை. எனக்கு அதில் ஆர்வமில்லை. ஊர் சிரித்தது என்பதால் ஒரு கருத்து பொய்யாகிவிடாது.

எனக்கு முக்கியமாகப் படுவது பாட்ரிக் தார்சி என்பவர் எழுப்பிய தடை. அயர்லாந்தில் பிறந்தவர், பிரான்சில் படை அதிகாரியாகவும் கணித அறிஞராகவும் வாழ்ந்தவர். செயல் எப்போதும் குறைவுதான் என்பதை அவர் ஏற்கவில்லை. உண்மையும் அதுதான். கிண்ணம்போல் ஆழக் குழிந்த ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளி, பக்கத்துப் பாதைகளைவிட நீண்ட பாதையில் போகவும் கூடும். இன்று நாங்கள் நடத்துவது 'குறைவு' என்பதை அன்று. பாதையைச் சற்றே அசைத்தால் செயல் மாறுவதில்லை என்பதை மட்டும். பள்ளத்தின் அடியில் தரை சமமாக இருக்கிறது. குன்றின் உச்சியிலும் கணவாயின் நடுவிலும்கூட அப்படித்தான். இதே தார்சிதான் 1740களில், ஆய்லரும் டேனியல் பெர்னோலியும் கண்ட அதே சமயத்தில், பல பொருள்கள் ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் இயங்கும்போதும் பரப்புகளின் கணக்கு மாறாது என்று நிறுவினார். கோண உந்தத்தின் மாறாமை அப்படித்தான் பொது விதியானது. லாக்ராஞ்சி தன் 1788ஆம் ஆண்டு நூலில் இந்த மூவரின் பெயரையும் சொல்கிறார். இயக்கவியலைப் பற்றிய அந்தப் பெரிய நூலில் ஒரு படம்கூட இல்லை. படம் இருக்காது என்று முன்னுரையிலேயே அவர் சொல்லிவிட்டார். கடவுளின் சிக்கனமும் அதில் இல்லை.

மோபெர்த்துயி கடவுளை நம்பியதில் எனக்குக் குறை இல்லை. நானும் நம்புகிறவள். ஒரு கணக்கின் குணத்தைக் கடவுளின் குணமாக எழுதி வைத்தார் என்பதே என் வருத்தம். கணக்கைத் திருத்தியபோது கடவுளையும் திருத்த வேண்டியதாயிற்று.

மாணவியின் கேள்விக்கு முழுப் பதில் 1918இல் வந்தது. எர்லாங்கனில் பிறந்த கணித அறிஞர் எம்மி நோத்தரை ஹில்பர்ட்டும் க்ளைனும் 1915இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். பெண் என்பதால் பல்கலைக்கழகம் அவருக்கு விரிவுரையாளர் தகுதி தரவில்லை. ஹில்பர்ட்டின் பெயரில் அறிவித்த வகுப்புகளை, ஊதியமில்லாமல், அவர் எடுத்தார். 1918 ஜூலையில் அவருடைய கட்டுரையைக் கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் முன்வைத்தவர் க்ளைன். பெண்கள் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுக்குமேல் பாடம் எடுத்த நான் இந்த இடத்தை ஒருபோதும் வேகமாகக் கடந்ததில்லை. செயலை மாற்றாத தொடர்ச்சியான சமச்சீர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறாத அளவு உண்டு என்று அவர் நிறுவினார். எங்கே நின்றாலும் வெளி ஒன்றே என்றால் உந்தம் மாறாது. எப்போது பார்த்தாலும் விதி ஒன்றே என்றால் ஆற்றல் மாறாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றே என்றால் கோண உந்தம் மாறாது.

'காப்பாத்தும்' என்று அந்தப் பெண் கேட்டாளே, அந்தச் சொல்லில்தான் சிக்கல் இருந்தது. மாறாதிருக்கக் காவல் தேவையில்லை. மாற்றத்தான் காரணம் தேவை. கோணம் மாறும்போது ஆற்றலும் மாறுகிறது என்றால் அந்தப் பக்கமாக ஒரு சரிவு இருக்கிறது. சரிவு இருந்தால் பொருளை அது உருட்டிவிடும். சுற்றிலும் சரிவே இல்லாத தரையில் உருட்டிவிட யாருமில்லை. ஃபை வராதது என்றால் அந்தச் சரிவு இல்லை என்று பொருள்.

கோளுக்குள் யாரோ வைத்துப் பூட்டிய சொத்துபோலக் கோண உந்தத்தை நினைப்பதையும் விட்டுவிட வேண்டும். நெடுஞ்சாலையில் நேர்கோட்டில் ஒரு லாரி போகிறது. சாலையை விட்டுப் பத்து மீட்டர் தள்ளிப் புளியமரத்தடியில் நிற்கிறேன். வளையாமல் போகும் அந்த லாரிக்கு என்னைப் பொறுத்துக் கோண உந்தம் உண்டு: நிறை, வேகம், அந்தப் பத்து மீட்டர் மூன்றையும் பெருக்கிக்கொள்ளலாம். லாரி வரும் கோட்டிலேயே நிற்பவருக்கு அது சுழி. இரண்டும் மாறுவதில்லை, இரண்டும் உண்மை. ஒன்றைப் பொறுத்து மற்றொன்று எப்படி நகர்கிறது என்பதன் கணக்கு அது. தனியே எடுத்துக் காட்ட முடியாது.

வெளிக்கு உண்மையிலேயே பிடித்தமான திசை இல்லையா? சமச்சீரை நாமாக விரும்பி எழுதிவிட முடியாது, கேட்டுப் பார்க்க வேண்டும். இடமும் வலமும் ஒன்றுதான் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1957இல் கோபால்ட் அணுக்கருக்களை வைத்து இயற்பியலாளர் வூ செய்த சோதனை, இயற்கைக்கு அதில் பாரபட்சம் உண்டு என்று காட்டியது. திசையைப் பற்றி 1960 வாக்கில் ஸ்காட்லாந்தில் ரொனால்ட் டிரீவர் என்ற இயற்பியலாளர் கேட்டுப் பார்த்தார். வீட்டுத் தோட்டத்தில், கார் பேட்டரிகளை வைத்துக்கொண்டு, லித்தியம் அணுக்கருக்கள் ஒலிக்கும் அதிர்வெண்ணை ஒரு நாள் முழுக்கக் கவனித்தார். பூமி சுழலும்போது தோட்டமும் அண்டத்தின் ஒவ்வொரு பக்கமாகத் திரும்புகிறது. பால்வீதியின் நடுப்பக்கம் கனமானது. அந்தப் பக்கம் திரும்பும்போது ஏதாவது மாறுமா? மாறவில்லை. விடிய விடிய விழித்து, வானத்திடம் 'உனக்கு வேண்டியவர் யாராவது உண்டா' என்று கேட்டதுபோல அதை நான் நினைத்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்து அதைவிட நேர்மையான விரதம் இல்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் பகுதி பகுதியாகச் சொல்லியிருக்கிறேன், பல ஆண்டுகளில், காய் நறுக்கும்போதும் மின்சாரம் போன இரவுகளிலும். ஒருமுறை நிலாவைப் பற்றிச் சொன்னேன். கடல் ஏற்ற இறக்கத்தின் உரசலால் பூமியின் சுழற்சி தளர்ந்து வருகிறது; நூறாண்டுக்கு ஒரு பகல்-இரவு ஏறத்தாழ 2 மில்லி விநாடி நீள்கிறது. பூமி விட்ட கோண உந்தம் காணாமல் போகவில்லை, நிலாவின் பாதையில் ஏறிக்கொள்கிறது. அதனால் நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. 1969இல் நிலாவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடியில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பவைத்து அளந்தார்கள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப கணக்கு எங்கயாவது தீரும்ங்கிறே. சனி பகவானும் அப்படித்தான். ஆளு பாத்துப் பண்றவர் இல்லை. ஈஸ்வரனையே விடலையே."

நான் மறுத்தேன். இன்றும் மறுக்கிறேன். அம்மாவின் சனீஸ்வரர் நீதிமான். யார் என்ன செய்தார்கள் என்று பார்த்து, அதற்குத் தக்கதைக் கொடுப்பவர். பாரபட்சமில்லாமல் பார்ப்பவர், ஆனாலும் பார்ப்பவர். நோத்தரின் வெளி யாரையும் பார்ப்பதில்லை. பூமி இழந்தது நிலாவுக்குச் சேர்கிறது. சேர நிலா தகுதி பெற்றதா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. கூட்டுத்தொகை சரியாக இருப்பதை நீதி என்று எடுத்துக்கொண்டால், தம்பி எதையோ செலுத்தித் தீர்த்தான் என்று ஆகிவிடும். அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. திசையின்மையையே கடவுள் என்று சொல்லிவிடும் ஆசையும் எனக்கு வந்ததுண்டு. மோபெர்த்துயியை நினைத்து அடக்கிக்கொள்வேன்.

ஆனால் அந்த ஒன்பது நாளில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நானும் வேண்டினேன். சமன்பாடு தெரிந்தவள்தான். ஃபையைக் கொண்டுவா, எங்கள் பக்கம் ஒரு சரிவைப் போடு என்றுதான் அதற்கு அர்த்தம். அடுத்த கட்டிலில் அந்தோணி என்று ஒரு பையன், அதே காய்ச்சல். அவன் அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருந்தார். இரவில் அவரும் என் அம்மாவும் ஒரே பாயில் படுத்திருந்தார்கள். அவன் பிழைத்தான். போகும்போது அந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டே போனார். அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவளுக்குக் கேட்டுது."

தம்பியின் சிறுவயதுப் பம்பரம் ஒன்று தகரப்பெட்டியில் கிடந்தது. அதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்புக்கு எடுத்துப் போவேன். ஒரு முனை தரையில் ஊன்றிச் சுழலும் சமச்சீரான பம்பரத்துக்கு லாக்ராஞ்சியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதற்கு மூன்று கோணம்: எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தன்னைத்தானே எவ்வளவு சுற்றியிருக்கிறது. லாக்ராஞ்சியனில் முதல் கோணம் மட்டும் வரும், மற்ற இரண்டும் வராது. ஆகவே இரண்டு உந்தங்கள் மாறாமல் நிற்கின்றன. ஆணி முனையின் உராய்வுதான் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். நிலை ஆற்றலுக்குள் அந்தச் சாய்வு ஏன் வந்தது? பூமி பக்கத்தில் இருக்கிறது என்பதால். வெட்டவெளியில் எங்கோ தனியே சுழலும் பம்பரத்துக்குக் 'கீழ்' என்று ஒன்று கிடையாது. பூமியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் சமச்சீர் முழுதாகத் திரும்பிவிடும். கீழ் என்ற திசை வெளியின் விதியில் இல்லை. பக்கத்தில் கிடக்கும் ஒரு கனத்தால் அது உண்டாகிறது. அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. பம்பரம் அந்தப் பக்கம்தான் விழும்.

"நம்ம பிள்ளை" என்று அம்மா சொன்னது அந்த மாதிரியான திசை என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. அதை அண்டத்தின் விதிக்குள் தேடி அவள் அழுதாள். இல்லை என்று கண்டு நான் வாயடைத்து நின்றேன். இருந்த இடம் அவள்தான்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று. முழங்கால் மடங்காது. போன தை மாதம் ஒரு சனிக்கிழமை கோயிலுக்கு அழைத்துப் போனேன். "நீ சுத்திட்டு வா, நான் இங்கயே பண்ணிக்கிறேன்" என்று தூணைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றும் ஆத்மப் பிரதட்சிணம் செய்தாள். ஒரு திருப்பத்துக்கு ஏழெட்டுச் சிறு அடி. நான் நவக்கிரகத்தைச் சுற்றி வந்தேன். கோள்கள் இரண்டையும் சேர்த்தே செய்கின்றன, தன்னைச் சுற்றுவதும் மற்றொன்றைச் சுற்றுவதும். மாறாதது இரண்டின் கூட்டுத்தொகை.

முடித்ததும் அர்ச்சனைத் தட்டைக் குருக்களிடம் அம்மாவே நீட்டினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, தம்பியின் திதி பக்கத்தில் இல்லை.

"பேரு?"

"அந்தோணி."

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "ராசி, நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. இப்ப அறுபதை நெருங்கியிருப்பான். ராசி இல்லாமலே பண்ணுங்க."

அவர் பண்ணினார்.